நாற்பது நாள் கழித்துப் படிக்கப்படும் கடிதம்

போர்முனையிலிருந்து வீடு திரும்பிய மூன்றாம் நாள், தம்பி ஒரு பழைய செருப்புப் பெட்டியைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தான். 14 மாதமாக நான் அவனுக்கு எழுதிய கடிதங்கள் அதில் இருந்தன. ஒவ்வொன்றின் மேல் மூலையிலும் பென்சிலால் ஒரு தேதி. நான் எழுதிய தேதி அல்ல, அவன் கைக்குக் கிடைத்த தேதி. அந்த வரிசையில்தான் அடுக்கியும் வைத்திருந்தான். அன்று ராத்திரி உட்கார்ந்து அதே வரிசையில் எல்லாவற்றையும் படித்தேன். நான் என்ன நினைத்து எழுதினேனோ அது ஒன்று, பத்து வயதுப் பையனிடம் போய்ச் சேர்ந்தது வேறொன்று என்பது அப்போதுதான் உறைத்தது. துப்பாக்கி பிடிக்க, பதுங்குகுழி வெட்ட, காயத்துக்குக் கட்டுப்போட எல்லாம் கற்றுத்தந்தார்கள். வீட்டிலிருக்கும் சின்னப் பிள்ளைக்கு எப்படி எழுதுவது என்று யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. தெரியாமல் செய்த தப்புகளால் அவன் நான்கு மாதம் எனக்கு எழுதாமலே இருந்தான். திரும்பி வந்த பிறகு அவன் என்னிடம் சகஜமாகப் பேச இன்னும் ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. இனிமேல் கிளம்பப் போகிற அண்ணன்களுக்கும் அக்காக்களுக்கும் பயன்படட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் நாள் கணக்கு. நான் எழுதிய தேதியையும் அவன் குறித்த தேதியையும் வைத்துக் கழித்துப் பார்த்தேன். மிகச் சீக்கிரம் போன கடிதம் 11 நாளில் போயிருக்கிறது. மிகத் தாமதமாகப் போனது 74 நாள். பெரும்பாலானவை 30லிருந்து 40 நாள். அதைவிட மோசம், அவை வரிசை தப்பிப் போய்ச் சேர்ந்திருந்தன. காய்ச்சல் சரியாகிவிட்டது என்று எழுதிய கடிதம் முதலில் போயிருக்கிறது. காய்ச்சல் வந்து படுத்திருக்கிறேன் என்று எழுதியது அதற்கு மூன்று வாரம் கழித்து. அவனைப் பொறுத்தவரை எனக்கு இரண்டாவது முறை காய்ச்சல் வந்து, அது இன்னும் சரியாகவே இல்லை.

இதற்கு மருந்து எண் போடுவதுதான். முதல் ஐந்து மாதம் நான் எண் போடவில்லை. 20 கடிதத்துக்கு மேல் எழுதியதாக ஞாபகம், பெட்டியில் 15தான் இருந்தன. எது தொலைந்தது, அதில் என்ன எழுதியிருந்தேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. இடது மூலையில் எண், வலது மூலையில் தேதி. 1லிருந்து தொடங்கி வீடு திரும்பும்வரை ஒரே தொடர். மாதம் மாறினாலும் யூனிட் மாறினாலும் மறுபடி 1 போடாதீர்கள். ஆனால் ஆளுக்கு ஒரு தொடர் வேண்டும். நான் வீட்டுக்கெல்லாம் சேர்த்து ஒரே தொடராகப் போட்டேன். 13 அம்மாவுக்கு, 14 தம்பிக்கு என்று போனதில், 13 தொலைந்துவிட்டது என்று அவன் தபால்காரரைப் பல நாள் துளைத்தெடுத்திருக்கிறான். சட்டைப்பையில் அடங்கும் சின்ன நோட்டில் கடிதத்துக்கு ஒரு வரி குறித்துக்கொள்ளுங்கள்: எண், தேதி, யாருக்கு, என்ன விஷயம். இடப்பெயர் மட்டும் அதில் வேண்டாம். வீட்டிலிருப்பவர்களையும் எண் போடச் சொல்லுங்கள். கடிதத்தின் முதல் வரியே கணக்கு வரியாக இருக்கட்டும்: “உன் 6 வந்தது, 8 வந்தது, 7 இன்னும் வரலை.” இந்த ஒரு வரியிலேயே, தன் கடிதம் படிக்கப்பட்டது என்று அந்தப் பிள்ளைக்குத் தெரிந்துவிடும். கட்டாயம் தெரிய வேண்டிய விஷயம் எதுவானாலும், விலாசம் மாறியது போல, அடுத்தடுத்த மூன்று கடிதத்திலும் திரும்ப எழுதுங்கள். மூன்றில் ஒன்றாவது போகும்.

தாமதத்தைப் புரிந்துகொண்டால் அடுத்தது தானாகப் புரியும். “நாளைக்கு”, “இந்த வாரம்”, “ரெண்டு நாள்ல” போன்ற சொற்களைக் கடிதத்தில் எழுதவே கூடாது. நான் ஒருமுறை “நாளைக்கு ஒரு வேலை இருக்கு, முடிச்சிட்டு உடனே எழுதறேன்” என்று எழுதியிருக்கிறேன். எழுதும்போது அது சாதாரண வரி. வேலை முடிந்தது, களைப்பில் படுத்துவிட்டேன், பிறகு யூனிட் இடம் மாறியது. அடுத்த கடிதம் அவனுக்குப் போய்ச் சேர 31 நாள். அந்த 31 நாளும் அந்த “வேலை” என்னவாயிற்று என்று தெரியாமல் பள்ளிக்கூடம் விட்டதும் வாசலில் வந்து நின்றிருக்கிறான். அந்தக் கடிதத்தின் மடிப்புகள் கிழிந்து, உள்பக்கம் பழைய டேப் போட்டு ஒட்டியிருந்தது. அத்தனை தடவை பிரித்துப் படித்திருக்கிறான். நடக்கப்போவதை எழுதாதீர்கள், நடந்து முடிந்ததை எழுதுங்கள். “நேற்று ஒரு வேலை இருந்தது, முடிந்தது, திரும்பி வந்து சாப்பிட்டேன், இப்போது உட்கார்ந்து எழுதுகிறேன்.” கடிதம் எத்தனை நாள் கழித்துப் போனாலும் அந்த வரி யாரையும் தொங்கலில் விடாது. ஒரு கடிதத்தில் எடுத்த விஷயத்தை அந்தக் கடிதத்துக்குள்ளேயே முடித்துவிட வேண்டும். மிச்சத்தை அடுத்ததில் எழுதுகிறேன் என்று விடுவதற்கு நமக்கு உரிமை இல்லை. அடுத்தது போய்ச் சேரும் என்று யார் சொன்னது?

கடிதம் வராமல் இருக்கும் நாட்களைப் பற்றி முன்கூட்டியே, முடிந்தால் கிளம்புவதற்கு முன்பே, நேரில் உட்கார்ந்து சொல்லிவிடுங்கள். படை நகரும்போது தபால் பின்தங்கும். பெரிய நடவடிக்கைக்கு முன்னால் ரகசியம் கருதித் தபாலை நிறுத்தி வைப்பதும் உண்டு. சாலை, பாலம் போனால் மூட்டை மூட்டையாகத் தேங்கும். இவற்றில் எதுவும் ஆளுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று அர்த்தமல்ல. கெட்ட செய்தி என்றால் அது ராணுவத்தின் வழியாக, நீங்கள் நெருங்கிய உறவினர் என்று பதிவு செய்திருக்கும் ஆளுக்கு வரும். கடிதம் வராததை வைத்து யாரும் எதையும் முடிவுகட்டக் கூடாது. இதைப் பிள்ளைக்குப் புரியும்படி சொல்ல ஒரு வழி: “லெட்டர் வரலைன்னா தபால் வண்டி நிக்குதுன்னு அர்த்தம். நான் நிக்கறேன்னு அர்த்தம் இல்லை.” பதிவில் இருக்கும் பெயர், விலாசம், போன் எண் சரியாக இருக்கிறதா என்று கிளம்பும் முன் பார்த்துவிடுங்கள். வீடு மாறியிருந்தால் மாற்றிக் கொடுங்கள். பலர் இதைக் கோட்டைவிடுகிறார்கள்.

இனி தணிக்கை. எந்த ராணுவமானாலும் எழுதக்கூடாதவை கிட்டத்தட்ட ஒன்றுதான்: இருக்கும் இடம், போகப்போகும் இடம், எத்தனை பேர், என்ன ஆயுதம், எவ்வளவு சேதம், யார் அடிபட்டார்கள். அடிபட்டவர் பெயரை எழுதாததற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. அவர் வீட்டுக்குச் சேதி போவதற்கு முன்னால் நம் வீட்டு வழியாக அது ஊருக்குப் பரவிவிடக் கூடாது. மலை, ஆறு, பனி, பயிர் என்று தனித்தனியாக எழுதினால் ஒன்றுமில்லை என்று தோன்றும். நான்கையும் சேர்த்து வைத்தால் இடம் தெரிந்துவிடும். கடிதங்களைப் படிப்பவர் சில சமயம் நம் அதிகாரியே. எங்களுக்கு அப்படித்தான். கூடாததைக் கறுப்பு மையால் அடிப்பார், அல்லது பிளேடால் வெட்டி எடுப்பார். பிளேடு போட்டால் பின்பக்கத்தில் இருக்கும் வரியும் சேர்ந்து போகும். முன்பக்கம் ஓர் ஊர்ப் பெயரை எழுதப்போய், பின்பக்கம் தம்பியின் பிறந்தநாளுக்கு எழுதிய வரியில் பாதி காணாமல் போனது. பெட்டியில் அந்தக் கடிதம் ஜன்னல் வைத்தது போல ஓட்டையோடு இருந்தது. தாளில் ஒரு பக்கம் மட்டும் எழுதுங்கள்.

சங்கேத வார்த்தை வைத்துக்கொள்ளலாம் என்று எல்லோருக்கும் ஆசை வரும். வேண்டாம். முதல் உலகப் போரில் பிரான்ஸுக்குப் போன இந்தியச் சிப்பாய்களின் கடிதங்களைப் படிக்க பூலோன் நகரில் தனியாக ஓர் அலுவலகமே இருந்தது. கறுப்பு மிளகு தீர்ந்துகொண்டிருக்கிறது, இப்போது சிவப்பு மிளகைப் போடுகிறார்கள் என்கிற மாதிரி சிப்பாய்கள் எழுதினார்கள். கறுப்பு மிளகு என்றால் இந்தியப் படை, சிவப்பு மிளகு என்றால் வெள்ளைக்காரப் படை. தணிக்கைக்காரர்கள் அதைப் புரிந்துகொண்டு மொழிபெயர்த்து அறிக்கையிலும் சேர்த்துவிட்டார்கள். அந்த அறிக்கைகள் இன்றும் லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. ஆயிரக்கணக்கில் கடிதம் படிக்கிறவருக்கு நம் சங்கேதம் நிமிடத்தில் பிடிபடும். தம்பி தங்கைக்குத்தான் பிடிபடாது. சாதாரண வரியிலும் ஏதோ மறைபொருள் இருப்பதாகத் தேடித்தேடிப் பயந்துகொண்டிருப்பார்கள். அன்று அந்தச் சிப்பாய்களில் எழுதத் தெரியாதவர்கள் இன்னொருவரை எழுதச் சொல்லித்தான் அனுப்பினார்கள். ஊரில் இன்னொருவர் படித்துக் காட்டினார். போர்க்காலக் கடிதம் எப்போதுமே நாலு பேர் கண்ணில் படுவது என்று நினைத்துக்கொண்டே எழுதுவது நல்லது.

போனில் அனுப்புகிறவர்களுக்கும் இதே விதிதான், இன்னும் கடுமையாக. படத்துக்குள்ளேயே எடுத்த இடமும் நேரமும் பதிந்திருக்கும். அது இல்லாவிட்டாலும் பின்னால் தெரியும் கோபுரம், மலைமுகடு, வண்டியின் எண் போதும். தம்பி பெருமையில் அதை நண்பர்களுக்கு அனுப்புவான், அங்கிருந்து அது எங்கேயும் போகும். முகத்தை மட்டும், பின்னால் வெறும் துணியோ சுவரோ இருக்கும்படி எடுங்கள். யாருக்கும் அனுப்பக்கூடாது என்பதற்குக் காரணத்தையும் சொல்லுங்கள். காரணம் தெரிந்த பிள்ளைகள் கேட்பார்கள்.

எதால் எழுதுவது என்பது சின்ன விஷயமாகத் தெரியும். மழையில் நனைந்த மூட்டையிலிருந்து வந்த கடிதங்களைப் பார்த்தவர்களுக்கு அப்படித் தோன்றாது. மை பேனாவும் பல ஜெல் பேனாக்களும் தண்ணீர் பட்டால் ஓடிவிடும். பால்பாயின்ட் ஓரளவு தாங்கும், ஆனால் கடுங்குளிரில் எழுதாது. சாதாரண பென்சில்தான் எல்லாவற்றுக்கும் மேல். தண்ணீரில் கரையாது, குளிரில் உறையாது, கத்தியால் சீவிக்கொள்ளலாம். அதன் ஒரே குறை, உரசினால் மங்கும். எழுதிய பக்கம் உள்ளே இருக்கும்படி மடித்தால் போதும். பழைய போர்களில் பயன்படுத்திய காப்பியிங் பென்சில் என்று ஒன்று உண்டு, ஈரம் பட்டால் ஊதாவாகப் பரவும். அப்படிப்பட்டதை இப்போது யாராவது கொடுத்தாலும் வேண்டாம். தாளையும் உறையையும் கெட்டியான பிளாஸ்டிக் பையில் போட்டுக் கிட்பேக்கில் வையுங்கள். சட்டைக்குள் வைத்தால் வியர்வையில் உறையின் பசை ஒட்டிக்கொள்ளும், பிறகு திறக்க வராது. வசதியான நாளில் ஐந்தாறு உறைகளில் விலாசம் எழுதி வைத்துக்கொண்டால், தபால் வண்டி பத்து நிமிடத்தில் கிளம்புகிறது என்னும்போது கை நடுங்காது. எழுத்தைப் பெரிதாக எழுதுங்கள். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கர்கள் வி-மெயில் என்று, கடிதத்தைப் படமெடுத்து ஃபிலிம் சுருளாக அனுப்பி மறுமுனையில் சின்னதாக அச்சடித்துக் கொடுத்தார்கள். 37 மூட்டைக் கடிதம் ஒரே மூட்டைக்குள் அடங்கியது. பொடி எழுத்தில் நெருக்கி எழுதியவர்களின் கடிதங்கள்தான் படிக்க முடியாமல் போயின. இன்று படமெடுத்து அனுப்பும் கடிதத்துக்கும் அது பொருந்தும்.

இனி என்ன எழுதுவது என்கிற பெரிய விஷயம். இதில் நான் இரண்டு பக்கமும் தப்புச் செய்தேன். முதல் சில மாதம் எல்லாம் சந்தோஷம் என்று எழுதினேன். நல்ல சாப்பாடு, நல்ல தூக்கம், நண்பர்களோடு விளையாட்டு. அதே வாரம் அவன் தொலைக்காட்சியில் எங்கள் பகுதியில் குண்டு விழுவதைப் பார்த்திருக்கிறான். அண்ணன் பொய் சொல்கிறான் என்று முடிவு செய்துவிட்டான். அதற்குப் பிறகு நான் நிஜமாகவே நன்றாக இருந்து “நல்லா இருக்கேன்” என்று எழுதியபோதும் அவன் நம்பவில்லை. அந்த வார்த்தைக்கு மதிப்பில்லாமல் நானே செய்துவிட்டேன். பிறகு ஒரு ராத்திரி, உடன் இருந்த ஒருவரை இழந்த அன்று, தூக்கமில்லாமல் உட்கார்ந்து பார்த்ததை எல்லாம் எழுதி அப்போதே ஒட்டிக் காலையில் கொடுத்துவிட்டேன். அதை அவன் அம்மாவிடம் காட்டவில்லை. பாடப் புத்தக அட்டைக்குள் மறைத்து வைத்துக்கொண்டு தனியாகச் சுமந்திருக்கிறான். அவன் எனக்கு எழுதாமல் போன நான்கு மாதம் அதற்குப் பிறகுதான். அந்தக் கடிதத்துக்காக இன்றும் மனம் அடித்துக்கொள்கிறது.

ராத்திரி எழுதியதை விடியும்வரை ஒட்டாதீர்கள். வெளிச்சத்தில் ஒருமுறை படித்துவிட்டு, இதை அவனுக்கு எதிரில் உட்கார்ந்து வாய்விட்டுச் சொல்வேனா என்று கேட்டுக்கொள்ளுங்கள். சொல்லமாட்டேன் என்றால் அது வேறு ஒருவருக்கு எழுத வேண்டிய கடிதம். எழுதாமல் அடக்கிவைக்கச் சொல்லவில்லை. பெரியவர் ஒருவருக்கு, கூடப்பிறந்தவர்களில் மூத்தவருக்கு, நண்பருக்கு எழுதுங்கள், அல்லது நோட்டில் எழுதிக் கிழித்துப் போடுங்கள். முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் ராணுவம் பச்சை உறை என்று ஒன்றைக் கொடுத்தது. உள்ளே சொந்த விஷயம் மட்டும்தான் என்று கையெழுத்துப் போட்டுவிட்டால், கூடவே இருக்கும் அதிகாரி அதைப் படிக்கமாட்டார். போர்முனைக்குப் பின்னால் இருக்கும் படைத்தளத்தில் வேண்டுமானால் யாராவது பிரிப்பார்கள். மனதில் உள்ளதை, தினமும் முகம் பார்க்கிற ஆள் படிக்காமல் எழுத மனிதனுக்கு ஓர் இடம் தேவை என்பது அன்றைக்கே தெரிந்திருந்தது. அந்த இடம் சின்னத் தம்பியாக இருக்கக்கூடாது என்பதுதான் நான் சொல்வது.

அப்படியானால் பிள்ளைக்கு உண்மையை எப்படிச் சொல்வது? பயம், குளிர், களைப்பு, வீட்டு ஞாபகம் எல்லாம் சொல்லலாம். உடல்களைப் பற்றியும் ரத்தத்தைப் பற்றியும் சொல்ல வேண்டாம். பயத்தைச் சொன்னால் அது எப்படி முடிந்தது என்பதையும் அதே பத்தியில் சொல்லிவிடுங்கள்: “நேத்து ராத்திரி சத்தம் ரொம்ப இருந்துச்சு. பயந்தேன். நாங்க ஆறு பேரும் ஒரே குழிக்குள்ள ஒட்டி உக்காந்திருந்தோம். விடிஞ்சதும் நின்னுடுச்சு. இப்ப டீ குடிச்சிட்டு எழுதறேன்.” இதில் பொய் இல்லை, பிள்ளை தாங்கமுடியாததும் இல்லை. தொலைக்காட்சியில் பார்த்ததோடும் ஒத்துப்போகிறது.

பெட்டியில் அவன் அதிகம் பிரித்துப் படித்த கடிதங்கள் எவை என்று மடிப்பைப் பார்த்தாலே தெரிந்தது. புத்திமதி சொன்னவை புதுசு போல இருந்தன. நைந்துபோயிருந்தவை எல்லாம் அன்றாட விஷயங்கள். ஈரச் சாக்ஸை எங்கே காயவைப்பது (ராத்திரி வயிற்றோடு சேர்த்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு படுத்தால் உடம்புச் சூட்டில் காலையில் ஓரளவு காய்ந்திருக்கும்), முகாமைச் சுற்றிவரும் நாய்க்கு யார் சாப்பாடு போடுவது, பக்கத்தில் படுப்பவர் தூக்கத்தில் என்ன உளறுவார். ஒருமுறை நான் படுக்கும் குழியைப் படம் வரைந்து அளவு போட்டிருந்தேன்: நீளம் ஆறடி, அகலம் இரண்டடி, உட்கார்ந்தால் தலை இடிக்க நான்கு விரல் பாக்கி. அதை அவன் சாக்பீஸால் கூடத்துத் தரையில் அதே அளவில் கோடு போட்டு, அதற்குள் படுத்துப் பார்த்திருக்கிறான். பல ராத்திரி அதற்குள்தான் தூங்கினான் என்று அம்மா சொன்னார். தரையில் அந்தக் கோட்டின் தடம் நான் வந்தபோதும் மங்கலாக இருந்தது. அண்ணன் எங்கே இருக்கிறான் என்று பிள்ளைக்குக் கண்ணால் பார்க்க வேண்டும். ஊர்ப் பெயர் சொல்ல முடியாது, ஆனால் படுக்கையின் அளவைச் சொல்லலாம். எந்தத் தணிக்கையும் அதை வெட்டாது.

“இனிமே நீதான் வீட்டுக்கு ஆம்பளை, அம்மாவைப் பாத்துக்கோ” என்று எழுதாத அண்ணன் இருக்கமாட்டான். நானும் எழுதினேன், மூன்று கடிதத்தில். பாசத்தில் எழுதுவதுதான். பத்து வயதுப் பையன் அதை உத்தரவாக எடுத்துக்கொண்டான். விளையாடப் போவதை விட்டான். ராத்திரி இரண்டு மூன்று முறை எழுந்து தாழ்ப்பாளைத் தடவிப் பார்த்திருக்கிறான். அம்மா அழுதால் தன்மேல் தப்பு என்று நினைத்திருக்கிறான். அந்த வரிக்குப் பதிலாக அவனால் செய்து முடிக்கக்கூடிய ஒரு சின்ன வேலையைக் கொடுங்கள். செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது, சைக்கிளுக்கு வாரம் ஒருமுறை காற்றடிப்பது, அம்மாவின் கடிதத்தைத் தபாலில் போடுவது. முடிந்ததா இல்லையா என்று அவனுக்கே தெரியக்கூடிய வேலை. “அம்மாகிட்ட சொல்லாதே” என்று எதையும் எழுதாதீர்கள். பெரியவர்களிடமிருந்து மறைக்க வேண்டிய விஷயத்தைச் சின்னவரிடம் கொடுப்பது அநியாயம்.

பதில் எழுதும்போது அவன் கேட்டதற்கு முதலில் பதில். பேட் தொலைந்துபோச்சு என்று அவன் எழுதியிருந்தால் அதுதான் அன்றைக்கு அவன் உலகம். இங்கே என்ன நடக்கிறது, நீ பேட்டைப் பற்றிப் பேசுகிறாயே என்று கோபம் வரும். எனக்கும் வந்தது. ஆனால் அவன் பேட்டைப் பற்றிக் கவலைப்பட முடிகிறது என்பதே நாம் சந்தோஷப்பட வேண்டிய விஷயம். நீங்கள் கேட்கும் கேள்வியும் 40 நாள் கழித்துச் செல்லுபடியாக வேண்டும். “நாளைக்குப் பரீட்சைக்கு ரெடியா?” என்பது போய்ச் சேரும்போது செத்த கேள்வி. “உன் வகுப்பில் யார் பக்கத்தில் உக்காந்திருக்கே, அவன் எப்படி?” என்று கேட்டால் எப்போது படித்தாலும் பதில் இருக்கும்.

வாரம் ஒரு கடிதம் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். மூன்றாவது வாரமே உடையும், உடைந்ததை அவன் எண்ணிக்கொண்டிருப்பான். நேரமில்லாத நாட்களுக்கு அட்டை. முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் சிப்பாய்களுக்கு அச்சடித்த அட்டை ஒன்று கொடுத்தார்கள். நலமாக இருக்கிறேன், மருத்துவமனையில் சேர்த்திருக்கிறார்கள், உன் கடிதம் கிடைத்தது என்று வரிகள் இருக்கும், பொருந்தாததை அடித்துவிட்டுத் தேதியும் கையெழுத்தும் போட வேண்டும். வேறு ஒரு சொல் சேர்த்தாலும் அட்டையை அழித்துவிடுவார்கள். அந்த வறண்ட அட்டைகளைக் குடும்பங்கள் பல பத்தாண்டுகள் பத்திரமாக வைத்திருந்தன. அழகாக எழுத நேரம் வரட்டும் என்று ஒரு மாதம் காத்திருப்பதைவிட, எண்ணும் தேதியும் போட்ட இரண்டு வரி அட்டை மேல்.

பணம், பொருள் பற்றிச் சுருக்கமாக. அவன் பிறந்தநாளுக்கு அரை மாதச் சம்பளம் போட்டு ஒரு கைக்கடிகாரம் வாங்கிப் பார்சலில் அனுப்பினேன். போய்ச் சேரவே இல்லை. வருகிறது என்று முன்கூட்டியே எழுதியும் விட்டேன், அதுதான் பெரிய தப்பு. விலையுள்ளதைப் போர்முனையிலிருந்து அனுப்பாதீர்கள், உறைக்குள் நோட்டு வைக்காதீர்கள். சம்பளத்தில் ஒரு பகுதி நேராக வீட்டுக் கணக்குக்குப் போகும்படி கிளம்பும் முன்பே ஏற்பாடு செய்துவிடுங்கள். பரிசு அனுப்பினால் கையில் கிடைத்த பிறகே அவனுக்குத் தெரியட்டும்.

எதிரி கையில் சிக்கினால் கடிதம் என்னவாகும் என்பதை வீட்டில் பெரியவர் ஒருவராவது தெரிந்துவைத்திருக்க வேண்டும். 1949ஆம் ஆண்டின் மூன்றாம் ஜெனீவா ஒப்பந்தப்படி, பிடிபட்டவர் முகாமுக்கு வந்து ஒரு வாரத்துக்குள் தன் குடும்பத்துக்கும், போர்க்கைதிகளைப் பற்றிய தகவலைத் திரட்டும் மைய முகமைக்கும் அட்டை எழுத அனுமதிக்க வேண்டும். அதன் பிறகு கடிதங்களைக் கட்டுப்படுத்தினாலும் மாதத்துக்கு இரண்டு கடிதம், நான்கு அட்டைக்குக் குறையக்கூடாது. தபால் கட்டணம் கிடையாது. தகவல் தேட செஞ்சிலுவைச் சங்கத்தை அணுகலாம். எல்லா நாடும் எல்லா நேரமும் இதைக் கடைப்பிடிப்பதில்லை என்பதும் உண்மை. ஆனால் எந்தக் கதவைத் தட்டுவது என்று தெரிந்திருப்பது பெரிய பலம்.

திரும்பாவிட்டால் கொடுக்க வேண்டிய கடிதம் ஒன்றைப் பலர் எழுதி வைக்கிறார்கள். நானும் எழுதினேன். முதலில் எழுதியது நான்கு பக்கம், இப்படி வாழு, இதைப் படி, அம்மாவை விடாதே என்று கட்டளைகளாகவே இருந்தது. வாழ்நாள் முழுக்கச் செத்துப்போன அண்ணனின் கட்டளைக்குக் கீழ் அவனை உட்காரவைப்பது நியாயமா என்று தோன்றியது, கிழித்துவிட்டு ஒரு பக்கத்தில் எழுதினேன். கிளம்பும் அன்று அவன் என்னிடம் சண்டை போட்டு முகம் கொடுக்காமல் இருந்தானே, அதில் எனக்குக் கோபமே இல்லை என்பதுதான் முதல் வரி. பழிவாங்கு, நீயும் படையில் சேர் என்று எழுத வேண்டாம். வங்கி, காப்பீடு விவரம் அதில் வேண்டாம், பெரியவருக்குத் தனி உறை. நம்பகமான ஒருவரிடம் கொடுங்கள், உறைமேல் தேதி போடுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றி எழுதுங்கள், பிள்ளை அதற்குள் வளர்ந்திருப்பான்.

கடைசியாக, அவன் எழுதிய கடிதங்கள். ரோந்துக்குப் போகும்போது வீட்டுக் கடிதம் எதையும் உடம்பில் வைத்திருக்கக் கூடாது என்பது எங்களுக்கு உத்தரவு. பிடிபட்டால் அதில் உள்ள பெயரையும் விலாசத்தையும் வைத்தே விசாரணையில் ஆட்டிப்படைப்பார்கள். இடம் மாறும்போது சுமை குறைக்க வேண்டும். அதனால் படித்து முடித்ததும் எரித்துவிடுவேன். செருப்புப் பெட்டியைக் காட்டிய அன்று அவன் கேட்ட ஒரே கேள்வி, “என் லெட்டரெல்லாம் எங்கேண்ணா?” என்னிடம் மூன்றுதான் இருந்தன. ஏன் எரித்தேன் என்று விளக்கினேன், தலையாட்டினான், மூன்றையும் வாங்கிப் பெட்டியில் அதனதன் தேதியில் செருகினான். மற்றவற்றின் இடத்தில் வெற்றுத்தாளைக் கிழித்து எண் மட்டும் எழுதி வைத்தான். ஐந்தாறு சேர்ந்ததும் ஓர் உறையில் போட்டு அவற்றை வீட்டுக்கே திருப்பி அனுப்பியிருக்கலாம், எனக்குத் தோன்றவில்லை. உங்களுக்கு வரும் கடிதங்களை அப்படித் திருப்பி அனுப்புங்கள், “பத்திரமா வை, நான் வந்து கேப்பேன்” என்று எழுதி. அனுப்ப முடியாத இடத்தில் இருந்தால், எரிக்கும் முன் அவன் எழுத்திலேயே ஒரு வரியை, பிழையோடு, நோட்டில் எண்ணுக்கு நேராகப் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள்.